காயப்போட்ட கைக்குட்டை

"போன வாரம்தானே சார் சர்வீஸ்ல ஏசியையும் பார்த்துக் கொடுத்தேன்?" என்றார் மெக்கானிக்.

"என்னத்தைப் பார்த்தீங்க? பதினெட்டு டிகிரியில வைக்கறேன். கொஞ்ச தூரம் போறதுக்குள்ள அடுப்படி மாதிரி ஊதுது. சென்சாரை மாத்துங்க!" கத்திவிட்டு, அடித்த போனை எடுத்துக்கொண்டு ஒர்க்ஷாப் வாசலுக்குப் போனான் கணவன்.

"வேர்த்தா என் பிள்ளைக்கு ஆகாது தம்பி. நல்லாப் பாரு" என்று காரின் முன்சீட்டிலிருந்து ஒத்து ஊதினாள் மாமியார்.

பின்சீட்டில் குழந்தையை அணைத்துக்கொண்டிருந்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த ஒரு வாரமாகத்தான் கைக்குழந்தை மூக்கடைப்பில்லாமல் தூங்குகிறது. 'ஏசியைக் கொஞ்சம் குறைங்களேன்' என்றால், 'உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்' என்பான் அவன். சென்சார் கெட்டே கிடக்கட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டாள்.

மாமியாராவது ஒரு வார்த்தை சொல்லலாம். எங்கே! முகம் துடைக்கிறேன் என்று கைக்குட்டையை நனைப்பதும், அதை ரேடியோ மேல் தொங்கவிட்டுக் காயப்போடுவதும்தான் அவளுக்கு வேலை. இது காரா, கொடிக்கயிறா?

மெக்கானிக் ஒரு காகிதத் துண்டைக் கிழித்து, ரேடியோவுக்குக் கீழே இருந்த குட்டிச் சல்லடை மேல் வைத்தார். விழாமல் ஒட்டிக்கொண்டது.

"காத்தை நல்லா இழுக்குது. உள்ளே எவ்வளவு சூடுன்னு இதுதான் மோந்து பார்த்து ஏசிக்குச் சொல்லும்."

பிறகு ஒரு ஈரத்துணியை அதன்மேல் வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஏசி வெதுவெதுவென்று ஊதியது.

"பார்த்தீங்களா? ஈரம் பட்டதும், காருக்குள்ள ஒரே குளிர்னு ஏமாந்துபோய் சூட்டை விடுது. சென்சார் அருமையா இருக்கும்மா. போன வாரமே பெரியம்மாவுக்குச் செஞ்சு காட்டினேனே! சார் டீ குடிக்கப் போயிட்டாரு. இவங்கதான் 'இன்னொரு தடவை காட்டு, இன்னொரு தடவை காட்டு'ன்னு கேட்டுப் பார்த்தாங்க."

அவள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கைக்குட்டை சத்தமில்லாமல் இடுப்பில் போய் ஒளிந்தது.

"அத்தை..."

"உஷ்! ஏசியைக் குறைடான்னு அவன்கிட்ட சொன்னா சண்டைக்கு வருவான், அவங்கப்பாவை மாதிரியே. இதுகிட்ட சொன்னா கேட்டுக்குது."

போன் பேசி முடித்து வந்த கணவன், "என்னாச்சு?" என்றான்.

"சென்சார்ல குறை ஒண்ணுமில்ல சார்."

"அப்புறம் ஏன் சூடா ஊதுது?"

மெக்கானிக் முன்சீட்டைப் பார்த்தார். பின்சீட்டைப் பார்த்தார். குழந்தையையும் பார்த்தார்.

"புது வண்டி சார். பழகப் பழகச் சரியாயிடும்."

கார் கிளம்பியது. பதினெட்டு. ஜில்லென்று காற்று வந்தது. குழந்தை ஒரு தும்மல் போட்டது.

அவள் குழந்தையின் துண்டில் பாட்டில் தண்ணீரை ஊற்றி, பிழிந்து, முன்னால் நீட்டினாள்.

"அத்தை, இதையும் கொஞ்சம் காயப்போடுங்க."