முதல் பத்து சென்டிமீட்டர்

“அஞ்சு மீட்டர் நாலு!”

பங்காரம்மா டீச்சர் கத்தியதும் மைதானமே எழுந்து நின்றது. நான் மட்டும் மணலில் முட்டி போட்டபடி இருந்தேன். டேப்பின் ஆரம்ப வளையம் என் கையில் இருந்தது.

அளவு என்றால் பிசிக்ஸ் வாத்தியார்தான் என்று சொல்லி, தலைமையாசிரியர் என் சட்டையில் நடுவர் பட்டையைக் குத்திவிட்டிருந்தார். பதினோராம் வகுப்பு பக்ருன்னிசாவின் குதிகால் பதிந்த இடத்தில் நான் வளையத்தை வைத்தேன். தாண்டும் பலகைப் பக்கம் நின்று டீச்சர் எண்ணைப் படித்தார்.

பள்ளி வராந்தாச் சுவரில் சிவப்பு பெயின்டில் ஒரு வரி உண்டு. நீளம் தாண்டுதல், பங்காரம்மா, 1977, 4.98 மீட்டர். இங்கே படித்து இங்கேயே விளையாட்டு டீச்சராக வந்தவர் அவர். பத்தொன்பது வருடமாக அந்த வரியை யாராலும் அசைக்க முடியவில்லை.

இன்றைக்கு அசைந்துவிட்டது. பிள்ளைகள் பக்ருன்னிசாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எனக்கும் உள்ளூரக் குஷிதான். மண்ணைத் தட்டிவிட்டு டேப்பைச் சுருட்டினேன்.

கடைசிச் சுற்றில் கட்டை விரலுக்கு அடியில் பதினொன்று என்ற எண் தெரிந்தது.

அதற்கு முன்னால் எண்ணே இல்லை. துணி டேப்பின் முதல் பத்து சென்டிமீட்டர் எப்போதோ அறுந்து போயிருந்தது. வளையத்தைப் பத்தாவது கோட்டிலேயே வைத்து யாரோ கறுப்பு நூலால் தைத்திருந்தார்கள்.

எனக்குக் காது மடல்கள் சுட்டன.

நேற்றுதான் இதே பக்ருன்னிசாவை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே நிற்க வைத்திருந்தேன். கம்பியின் தடிமனை அளக்கும் எங்கள் திருகு அளவி, நடுவில் எதுவும் வைக்காமல் மூடினாலே நாலு பிரிவு காட்டும். அந்தச் சுழிப்பிழையைக் கழிக்காமல் விட்டுவிட்டாள். பத்துத் தடவை அளந்தும் ஒரே அளவுதான் வந்தது என்று அழாத குறையாகச் சொன்னாள். நான் விடவில்லை. ஒரே மாதிரி வருவது வேறு, சரியாக வருவது வேறு, கருவியைப் பார்க்காமல் அளக்கிறவளுக்குப் படிப்பு எதற்கு என்று நாற்பது பேர் முன்னால் கேட்டேன்.

அப்படிக் கேட்ட பெரிய மனிதர்தான் இன்றைக்குச் சுழி இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் சுழி முனையைப் பிடித்திருக்கிறார். அதே டேப்பைக் கேஸோடு என் மண்டையில் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஐந்து மீட்டர் நாலில் பத்தைக் கழித்தால் 4.94. சாதனை முறியவே இல்லை. மேடையில் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறிவிப்பதற்குள் சொல்லியாக வேண்டும். அந்தப் பிள்ளையிடம் இருந்து நானே இதைப் பிடுங்கவும் வேண்டும்.

பலகைக்கு ஓடி, டீச்சரிடம் டேப்பின் முனையைக் காட்டினேன். மன்னிச்சுக்குங்க, பத்தைக் கழிக்கணும் என்றேன்.

“கழிச்சுப்போடாதீங்க சார். நான் தாண்டுனதையும் இதே டேப்புலதானுங்க அளந்தாங்க. அப்பவே அந்தப் பத்து இல்லீங்க.”

டேப்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அப்படியானால் சுவரில் இருக்கும் 4.98 உண்மையில் 4.88. இரண்டு தாண்டலிலும் ஒரே பிழை. யார் அதிகம் தாண்டினார்கள் என்பதில் மாற்றமில்லை. பக்ருன்னிசா நிஜமாகவே ஜெயித்திருக்கிறாள். எனக்கு உயிர் வந்தது. சிரிக்கக்கூட வாயைத் திறந்துவிட்டேன்.

டீச்சர் சிரிக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டேப் அறுந்தது அவருக்குத் தெரியும். அப்படியானால் வருடா வருடம் இந்தப் பலகையில் நின்று என்ன படித்தார் என்று கேட்டேன்.

“நான் தாண்டுனப்பவே அந்தக் கறுப்பு நூல் இருந்துச்சுங்க, வேலைக்கு வந்தப்பறந்தானுங்க முனையை உத்துப் பாத்தேன். சுவத்துல இருந்ததை மாத்தச் சொல்ல வாய் வரலீங்க. மத்தப் புள்ளைகளுக்கெல்லாம் பத்தைக் கழிச்சுத்தான் படிச்சேனுங்க.”

சரியாகத்தான் கழித்திருக்கிறார். ஒவ்வொரு வருடமும், ஒரு சென்டிமீட்டர்கூடப் பிசகாமல். அவருடைய அளவு மட்டும் கழிபடாமல் சுவரில் நின்றது.

அவரை நிஜமாகவே மிஞ்சித் தாண்டியும் தோற்றுப்போனவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்கவில்லை. அவராகவே நாலு விரலைக் காட்டினார். நாலு பேரின் பெயரும் சொன்னார், எந்த வருடம் என்பதோடு. அதில் ஒருத்தி, மில் வேலைக்குப் போய்விட்டவள், இன்னமும் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் ஓடி வந்து, உங்களை ஜெயிக்கவே முடியலைங்களே டீச்சர் என்பாளாம். இந்த வருடம் பக்ருன்னிசா பயிற்சியில் தாண்டுவதைப் பார்த்த பிறகு கழிக்க மனசு வரவில்லை என்றும், இன்று காலையிலிருந்து யாருக்குமே கழிக்கவில்லை என்றும் சொன்னார். சொல்லிவிட்டுப் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அவர் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் வெட்கத்துக்குப் பக்கத்தில் அவருடையதும் வந்து உட்கார்ந்துகொண்டது போலத்தான் இருந்தது.

கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு பக்ருன்னிசா ஓடி வந்தாள். முழங்கால் வரை மணல். கையில் மைதானத்துக்கே கொண்டு வந்திருந்த பிசிக்ஸ் நோட்டு.

“சார், நேத்து விட்டதைக் கழிச்சுட்டேனுங்க. இப்ப சரியாங்க?”

நோட்டை வாங்கிப் பார்த்தேன். பத்து அளவுகளிலும் நாலு பிரிவைக் கழித்திருந்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. டீச்சரும் தலையை நிமிர்த்தவில்லை.