எட்டுக்கு விழுந்த வட்டம்

கம்ப்யூட்டரில் ஒரு கணக்குப் புத்தகத்தின் பக்கம் தயாராகிக்கொண்டிருந்தது. பெரிய அடைப்புக்குறிகளுக்குள் எண்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்த ஓர் அணி. அதன் கடைசி வரிசையில் பூஜ்யமும் எட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. எட்டுக்கு அதுவே பெரிய மனக்குறை. போயும் போயும் பூஜ்யத்துக்குப் பக்கத்திலா தனக்கு இடம்!

திடீரென்று ஒரு சிவப்பு வட்டம் வந்து பூஜ்யத்தின் மேல் விழுந்தது. வெளியிலிருந்து ஓர் அம்பும் வந்து அதையே காட்டியது.

எட்டுக்குப் பொறுக்கவில்லை. "இந்த ஒன்றுமில்லாததுக்கு மாலையா? எனக்கு வந்தது இடம் மாறி விழுந்திருக்கு!" என்று குதித்தது.

"எனக்கு வேண்டவே வேண்டாம், நீங்களே வெச்சுக்கோங்க அண்ணே," என்றது பூஜ்யம்.

"கொஞ்சம் பொறுங்க," என்றது அம்பு. "இந்தப் பக்கத்தை உருவாக்குற புரோகிராமை முதல் தடவை ஓட்டும்போது நாங்க குத்துமதிப்பாத்தான் விழுவோம். இன்னொரு தடவை ஓட்டினா சரியாயிடும்."

அப்படியே ஆயிற்று. மறுபடி ஓட்டியதும் வட்டம் நகர்ந்து எட்டுக்கு அளவெடுத்ததுபோலப் பொருந்தியது. எட்டுக்குத் தலைகால் புரியவில்லை.

"அம்புத் தம்பி, உன் வால் பக்கம் என்னமோ எழுதியிருக்காங்களே, அடைப்புக்குறி மறைக்குது. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சத்தமாப் படி!"

அம்பு தயங்கித் தயங்கிப் படித்தது: "அடுத்த படியில் இதைப் பூஜ்யமாக்க வேண்டும்."

எட்டு வட்டத்துக்குள்ளேயே சுருங்கிக்கொண்டது.

பூஜ்யம் மெல்லச் சொன்னது: "கவலைப்படாதீங்க அண்ணே. போன படி வரைக்கும் நான் பதிமூன்று. எனக்கும் இப்படித்தான் வட்டம் போட்டாங்க."