வரிசையாக முளைத்த களை

களை எங்கேயாவது வரிசையாக முளைக்குமா?

சுகுணாவுக்கு அங்கேதான் சந்தேகம் தட்டியது. ஜன்னலோரப் பாத்தியில், சாமந்திக்கு நடுவே பதினோரு புளியாரைச் செடிகள். சாணுக்கு ஒன்றாக, கயிறு பிடித்து நட்ட மாதிரி நேராக நின்றன.

மலையூரான வெள்ளக்கடையில் அவள் வீட்டு முன்பக்கத் தோட்டத்துக்கு ஒரு பேரே உண்டு. டூரிஸ்ட் வண்டிகள் நின்று, டேலியாவையும் ரோஜாவையும் போட்டோ எடுத்துக்கொண்டுதான் போகும். விடிந்தால் அடைந்தால் சுகுணாவுக்கு அங்கேதான் வேலை.

பக்கவாட்டில் இருந்த இந்த ஒரு பாத்திதான் உயிரை வாங்கியது. தினமும் காலையில் தோட்ட வேலைக்காரி கனகா வந்து களை எடுத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் பார்த்தால் மறுபடியும் புளியாரை!

"மலை மண்ணுங்க்கா. அப்படித்தான் வருமுங்க" என்பாள் கனகா.

புளியாரை லேசுப்பட்டதா? அடியில் கடுகுகடுகாகக் கிழங்கு இருக்கும். ஒன்றை விட்டாலும் பத்தாகக் கிளம்பும். சுகுணா களைக்கொத்தோடு உட்கார்ந்தால் துழாவித் துழாவி எடுத்து முடிக்க ஒரு மணி நேரம் ஓடிவிடும். கை வேலை செய்யும். வாய் கனகாவைத் திட்டும். திட்டி முடித்ததும், கேஸ் சிலிண்டர் வராதது, சேலத்திலிருந்து மகள் சௌமியா போனில் சொன்னது, குரங்கு கொய்யாவைத் தின்றது என்று பேச்சு எங்கெங்கோ போகும்.

ஜன்னலுக்கு உள்ளே கட்டிலில் படுத்தபடி அவள் வீட்டுக்காரர் செங்கோடன் 'ம்' கொட்டுவார். எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரெண்டு வருஷம் முன்னால் மழைப்பாசியில் வழுக்கி இடுப்பு ஒடிந்ததிலிருந்து அந்தக் கட்டில்தான் அவருக்கு எல்லாம்.

மறுநாள் காலையில், கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு சுகுணா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

கனகா வந்தாள். பாத்தியைச் சுத்தமாகக் களை எடுத்தாள். பிறகு துவைக்கிற கல்லுப் பக்கம் போய், அங்கே மண்டிக்கிடந்த புளியாரையை மண்ணோடு பெயர்த்து, பழைய பெயிண்ட் டப்பாவில் போட்டுக்கொண்டு திரும்பினாள். சாண் வைத்து அளந்தாள். ஒவ்வொன்றாக நட்டாள்.

நட்டதோடு விட்டாளா? தண்ணீர் வேறு தெளித்தாள்!

"அடிப்பாவி!"

கனகா தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள்.

"களை எடுக்க வந்தவ களைய நடறியா? வேலை தீந்துட்டா உன்ன நிறுத்திருவேன்னு பயமா? கேட்டிருந்தா நானே உன்ன வேலையில வெச்சிருந்திருப்பேனே!"

கனகாவின் பார்வை ஒருதரம் ஜன்னலுக்குப் போய்த் திரும்பியது.

"வாயத் தொறந்து சொல்லு. யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்லீங்க்கா. தப்புத்தானுங்க."

"எஸ்டேட்டுல ரைட்டரய்யாகிட்ட இருபத்தெட்டு வருசம் வேலை பாத்தேன், ஒருநாள் ஒரு குத்தம் சொன்னதில்லைன்னு ஊரெல்லாம் பெருமை பேசுவியே! அந்த லட்சணம் இதுதானா? நாளையிலிருந்து இந்தப் பக்கம் வராத."

கனகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. களைக்கொத்தைக் கழுவிச் சுவரோரம் சாத்தினாள். "வர்றனுங்க்கா" என்று கேட்டைப் பார்த்து நடந்தாள்.

"கனகா, நில்லு!"

ஜன்னலிலிருந்து செங்கோடனின் குரல்.

"சுகுணா, நட்டதுதான் அவ. நடச் சொன்னது நானு. உங்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தேன்."

சுகுணா திகைத்துப்போனாள். "உங்களுக்கென்ன புத்தி பேதலிச்சுப்போச்சா? களைய எதுக்குங்க நடச் சொன்னீங்க?"

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தலையைத் தூக்கினார்.

"காலையில கஞ்சி குடுக்கறே. மத்தியானம் மாத்திரை குடுக்கறே. நேரம் தப்பறதில்ல, குறை சொல்லல. ஆனா குடுத்த கையோட முன்பக்கம் ஓடிர்றே. இந்தப் பாத்தியில களை இருந்தா மட்டுந்தான் ஒரு மணி நேரம் எங்கூட உக்காந்து பேசறே. கனகா சுத்தமா எடுத்த நாளுல நீ இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல, புள்ள."

சுகுணாவுக்குத் தை மாதத்தில் ஒரு வாரம் இந்தப் பாத்தியில் களையே இல்லாமல் இருந்தது ஞாபகம் வந்தது. 'அப்பாடா, ஒரு வேலை மிச்சம்' என்று அப்போது சந்தோஷப்பட்டிருந்தாள். இப்போது நினைக்க வெட்கமாக இருந்தது.

கேட்டருகே கனகா போவதா இருப்பதா என்று தெரியாமல் நின்றிருந்தாள்.

சுகுணா சுவரோரம் இருந்த களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போய் அவள் கையில் திணித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கமான அதட்டலோடு சொன்னாள்:

"நடறதுதான் நடறே, ஒரு வரிசை எந்த மூலைக்கு? இன்னும் ரெண்டு வரிசை சேத்து நடு!"