பேனாக் கோடு

கழிமுகத்தில் நீந்தும்போது காலில் சிப்பி கீறியதைக் கஸ்மீர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளே கால் வீங்கிச் சிவந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தண்ணீரிலிருந்து ஏறிய கிருமி சதையைத் தின்கிறது என்றார் டாக்டர். சிவப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, "இதைத் தாண்டினா உடனே கூப்பிடுங்க" என்று மனைவி சகாயத்திடம் சொல்லிப் போனார். அவள் கோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மத்தியானம் சிவப்பு அதைத் தாண்டியது.

"தாண்டிட்டா?" என்று காய்ச்சலோடு கேட்டான் கஸ்மீர்.

"இல்லங்க" என்று போர்வையை இழுத்து மூடியவள், அறைக்கு வெளியே வந்ததும் ஓடினாள்.

டாக்டர் வந்து பார்த்தார். "முழங்காலோட எடுத்தாத்தான் உயிர் தங்கும்."

சகாயம் கட்டிலோரம் வந்து நின்றாள்.

"எடுத்துருங்க" என்றான் கஸ்மீர். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்குப் பொய் சொல்லவே வரலட்டி" என்றான்.

ஆபரேஷன் தியேட்டர் கதவு வரைக்கும் அவள் அந்தக் கையை விடவில்லை.