இன்னும் இருநூறு கிலோமீட்டர்

சலூன்காரர் மூன்றாவது முறையாகக் கத்தியைக் கீழே வைத்தார். முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்தவர் மறுபடியும் குனிந்து செல்போனைப் பார்த்தார்.

"சார், இப்படித் தலையை ஆட்டினா தாடியோட மூக்கும் போயிடும்."

"கோவிச்சுக்காதீங்க. மொத்தம் பன்னெண்டாயிரம் கிலோமீட்டர், பதினாலு மணி நேரம். நடுவுல எங்கேயும் நிக்காது. இன்னும் இருநூறுதான் பாக்கி."

திரையில் ஒரு குட்டி விமானம் கடலைத் தாண்டிக் கரையேறியிருந்தது.

"உங்களுக்கு எத்தனை பசங்க சார்?"

"ஒரே பொண்ணு."

சலூன்காரருக்கு மனசு இளகிவிட்டது. "புரியுது சார். என் பொண்ணு டவுன் பஸ்ல போனாலே எனக்குச் சோறு இறங்காது. நீங்க பாருங்க, நான் காத்திருக்கேன்."

இருபது நிமிடம் கழித்து, "இறங்கிடுச்சு" என்று அவர் மூச்சு விட்டார்.

"உடனே பொண்ணுக்குப் போன் போடுங்க."

"ஐயோ, வீட்டுல தூங்கிட்டிருக்கா. எழுப்பினா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா."

"அப்ப ஃப்ளைட்ல யாரு?"

"முந்நூறு பேர். ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. கிளம்பறதுக்கு முன்னாடி எஞ்சினைச் சோதிச்சு, பறக்கலாம்னு கையெழுத்துப் போட்டது என் பொண்ணு. அவளோட முதல் கையெழுத்து."

"இவ்வளவு பெரிய பொறுப்பு. பொண்ணுக்கு எப்படி சார் தூக்கம் வருது?"

"அவளுக்கென்ன, செஞ்ச வேலை அவளுக்குத் தெரியும். எஞ்சினைப் பத்தி ஒண்ணுமே தெரியாத எனக்குத்தான் தூக்கம் போச்சு."

காய்ந்துபோன நுரையோடு அவர் தலையை நிமிர்த்தினார். இப்போது அது துளிகூட ஆடவில்லை.