பல்லி கேட்ட ஒரே கேள்வி

உயிர்வேதியியல் துறையின் கருத்தரங்குக் கூடத்துக் கூரையில் தலைகீழாகத் தொங்கியபடி, ஏழு வருஷமாக எல்லோருடைய பேச்சையும் கேட்டுவந்தது ஒரு பல்லி. இதுவரை எந்தப் பேச்சுக்கும் வாய் திறந்ததில்லை.

அன்றைக்குப் பேசவந்த பேராசிரியர் மரகதலிங்கம் ஐந்தாவது படத்தைத் திரையில் போட்டதும் அதற்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அடேய் கரப்பான்! இது அந்த ரெண்டாவது படம்தான்டா. தலைகீழாத் திருப்பிப் போட்டு, புதுப் பரிசோதனைன்னு கதை விடுறாரு. நேரா உக்காந்திருக்கிற ஒருத்தருக்கும் தெரியலையே!"

கீழே சமோசாப் பெட்டிக்குப் பின்னால் பதுங்கியிருந்த கரப்பான் பதறியது. "அக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும், சும்மா இரு. கேள்வின்னு யாராவது ஆரம்பிச்சா சமோசா ஆறிடும்."

"ஆறினா ஆறட்டும். இன்னிக்கு விடமாட்டேன்."

பேச்சு முடிந்தது. "கேள்வி ஏதாவது உண்டா?" என்றார் துறைத்தலைவர். கேட்க வந்திருந்த நாற்பது பேரும் குனிந்து அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். பல்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி, "பொய்! பொய்! பொய்!" என்று கத்தியது.

கூடத்தில் இருந்தவர்களுக்கு அது "ச்சு, ச்சு, ச்சு" என்று கேட்டது. துறைத்தலைவர் மேசையை விரலால் மூன்று முறை தட்டினார். நாற்பது பேரும் தட்டினார்கள்.

"பார்த்தீங்களா, பல்லியே சொல்லிடுச்சு. அத்தனையும் சத்தியம்!" என்று சொல்லித் துறைத்தலைவர் மரகதலிங்கத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்.

கரப்பானுக்கு ஒரே சந்தோஷம். "சமோசா இன்னும் சூடா இருக்குக்கா. அடுத்த வாரமும் ஒரு கேள்வி கேளேன்."