களையான தோட்டம்

தோட்டத்தில் இருந்தவர்கள்: வடிவாம்பாள் அக்கா, பக்கத்து வீட்டுக்காரனான நான், மிஷின் கம்பெனியிலிருந்து வந்த பெர்னாண்டஸ், தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மிஷின்.

"தோட்டம் எப்பவும் களையா இருக்கணும்" என்று அக்காவின் கணவர் சாகும் முன் மிஷினிடம் சொல்லியிருந்தார். அவர் சொன்னது அழகை. மிஷின் புரிந்துகொண்டது களைச்செடியை. அக்கா மகள் வீட்டிலிருந்து திரும்புவதற்குள், மல்லிகைப் பந்தலை மறைக்கும் அளவுக்குப் பார்த்தீனியத்தை உரம் போட்டு வளர்த்துவிட்டது.

அக்கா குனிந்த முதுகு நிமிராமல் பிடுங்கினார். அது பின்னாலேயே வந்து திரும்ப நட்டது. தடுத்தால், உத்தரவை இறந்த கணவரின் குரலிலேயே போட்டுக் காட்டியது.

"அந்தக் குரலை அழிச்சாத்தான் வேற பேச்சு கேக்கும்க்கா," என்றார் பெர்னாண்டஸ்.

"அவர் குரல் எங்கிட்ட வேற எதுலயும் இல்ல. அழிக்காதீங்க."

"அப்ப இந்தக் காட்டுக்குள்ளதான் குடியிருக்கணும்."

"மிஷினுக்குத்தான் புத்தியில்ல, உங்களுக்குமா தம்பி?"

எனக்கும்தான் இல்லை, வேறு வழி தோன்றவில்லை. அக்கா மிஷினைத் தள்ளிக்கொண்டு போய்ச் சாமான் அறைக்குள் விட்டார்.

"தோட்டம் எப்பவும் களையா இருக்கணும்," என்றது உள்ளிருந்து அந்தக் குரல்.

"இருக்கும்ங்க. நான் பாத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திப் பூட்டினார்.